திருநாளைக் கணித்தவர்கள்

மாசித் திங்களில் மகம் நட்சத்திரம் கூடும் நன்னாளில் மலாக்கா மாநிலத்தின் செங் வட்டாரம் பக்தர்களால் நிறைந்து காணப்படும். சன்னாசிமலை ஆண்டவர் திருத்தலத்தை நோக்கிக் காவடிகளும் பால்குடங்களும் அணிவகுக்கும். மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் வாழும் அன்பர்கள் அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பர். ஆயினும், அந்த நாள் எப்படிக் குறிக்கப்பட்டது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. நாட்காட்டியில் அச்சிட்டிருக்கிறது, ஆகவே அன்று திருவிழா என்ற அளவில் பெரும்பாலோர் அமைதி கொள்கின்றனர்.

அந்த ஒற்றை வரி அச்சுக்குப் பின்னால் நெடுங்காலக் கணித மரபு ஒன்று மறைந்து நிற்கிறது. திருநாளைக் கொண்டாடும் அன்பர்கள் திருநாளைக் கணித்துத் தந்தவர்களையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது தகும்.

வானமே முதல் நாட்காட்டி

சூரியன் கும்ப ராசியில் நிற்கும் காலம் மாசி மாதம். பௌர்ணமி அன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கும். அப்போதுதான் அதன் முழு வட்டமும் ஒளி பெற்று நமக்குத் தெரியும். கும்பத்திற்கு எதிர் ராசி சிம்மம். சிம்மத்தில் சுடர்விடும் விண்மீனே மகம். ஆகவே மாசியில் முழுநிலவு மகத்தை ஒட்டி வருகிறது.

தைப்பூசமும் அவ்வாறே. தையில் சூரியன் மகரத்தில் நிற்க, எதிரேயுள்ள கடக ராசியின் பூச நட்சத்திரத்தை ஒட்டி நிலவு முழுமை பெறுகிறது. கார்த்திகையில் சூரியன் விருச்சிகத்தில் இருக்க, நிலவு ரிஷப ராசியின் கார்த்திகைக் கூட்டத்தோடு சேர்கிறது. திருவிழாவின் பெயரே அன்றிரவு நிலவு எங்கே நிற்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. மேகமற்ற இரவில் ஆலய முன்றிலில் நின்று எந்தச் சிறுவனும் இதைக் கண்ணால் சரிபார்க்கலாம்.

நினைவில் நின்ற கணிதம்

பார்ப்பது எளிது. வருகின்ற ஆண்டில் நிலவு எந்த நாளில் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கடினம். நிலவு ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும் விலகும்போது தளர்ந்தும் நடக்கிறது. இதனால் ஒரு திதி சில வேளைகளில் அறுபது நாழிகைக்குக் குறைந்தும் சில வேளைகளில் கூடியும் அமைகிறது.

இச்சிக்கலுக்கு முன்னோர் கண்ட வழி வியப்புக்குரியது. பூமிக்கு மிக அருகில் வந்த நிலவு மீண்டும் அந்நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய இருபத்தேழரை நாளாகிறது. அத்தகைய சுற்றுகள் ஒன்பது சேர்ந்தால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள்கள். ஆகவே 248 நாள்களுக்கு நிலவின் நிலையைக் கணித்து வைத்துக்கொண்டால், அதே வரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காலப்போக்கில் சேரும் சிறு பிழையைத் திருத்த 110 சுற்றுகள் கொண்ட 3031 நாள் கணக்கும் வகுக்கப்பட்டது.

அந்த 248 எண்களையும் நினைவில் இருத்த, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என வகுத்த கடபயாதி முறைப்படி அவற்றைச் சிறு சிறு வாக்கியங்களாக அமைத்தனர். முதல் வாக்கியத்தைச் சொன்னால் 12 பாகை 3 கலை என்ற எண் கிடைக்கும். இவ்வாக்கியங்கள் வரருசி என்பாரின் பெயரால் வழங்குகின்றன. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்தே வந்தது. இம்முறையை விளக்கும் வாக்கியகரணம் என்னும் நூல் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஞ்சிப் பகுதியில் எழுந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

புதுச்சேரியில் சோழிகள்

இந்த மரபின் ஆற்றலை ஐரோப்பியர் நேரில் கண்ட இடம் புதுச்சேரி. சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய காட்சியைக் காண 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார் லெ ஜாந்தீல் என்னும் வானியலார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசப்பட்டிருந்ததால் அவர் கடலிலேயே நிற்க நேர்ந்தது. ஆடும் கப்பலில் அளவெடுக்க இயலவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாக நின்றபோது மேகம் சூரியனை மறைத்துவிட்டது.

ஆயினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். எழுதுகோலின்றி, சோழிகளை வைத்தும் நகர்த்தியும், மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, முக்கால் மணி நேரத்திற்குள் ஒரு சந்திர கிரகணம் கணிக்கப்படுவதைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணக்கிட்டபோது 41 விநாடி மட்டுமே குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த தோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகக் காட்டியது.

தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது. ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. சென்னை வானாய்வகத்தைச் சில காலம் பொறுப்பேற்று நடத்திய ஜான் வாரன், தென்னிந்தியக் காலக் கணக்கைப் பற்றிக் காலசங்கலிதம் என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். அவரும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவரும் தரையில் சோழிகளைப் பரப்பி, 1825 மே இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் 4 நிமிடமே பிசகியது. நடுநேரம் 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு அபார நினைவாற்றல் இருந்தது என்றும், கணக்கின் அடிப்படைக் காரணங்கள் எதையும் அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் பதிவு செய்துள்ளார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே நோக்க வேண்டும். நினைவாற்றல் ஒரு கலையை நூற்றாண்டுகள் கடந்து காத்தது. அதே வேளையில், ஏன் என்ற கேள்வி நின்றுபோனதால் அக்கலையைத் திருத்திக்கொள்ளும் வழியும் அடைபட்டது.

தொலைநோக்கியில் பார்த்த தமிழ் நாட்டவர்

அந்த வழியை மீண்டும் திறந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தில் இளம் வயதிலேயே பணியில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867இல் ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்தபோது, பாமர மக்களும் அதை அறிய வேண்டும் என்று உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அது உருது, கன்னடம் முதலான மொழிகளிலும் வெளிவந்தது.

பஞ்சாங்கத்தையும் அவர் கைவிடவில்லை. தொலைநோக்கியில் காணும் நிலவும் பஞ்சாங்கத்தில் அச்சிட்ட நிலவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு, 1869 முதல் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். த்ருக் என்றால் பார்வை. கண்ணால் கண்டு ஒப்புநோக்கிய கணிதமே திருக்கணிதம். 1880இல் அவர் மறைந்த பிறகும் அம்முறை வளர்ந்தது. இந்திய அரசு 1952இல் அறிவியலறிஞர் மேக்நாத் சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீரமைப்புக் குழுவும் 1955இல் தந்த அறிக்கையில் நவீன வானியல் கணக்கையே பரிந்துரைத்தது.

வேறுபாடு எங்கே எழுகிறது?

வாக்கியமும் திருக்கணிதமும் மாறுபடும்போது அன்பர்களிடையே மனவருத்தம் எழுவதுண்டு. ஒரே குடும்பத்தில் ஒருவர் இன்று விரதம் இருக்க, மற்றவர் நாளை இருக்கிறார். எது தவறு, எவர் குற்றவாளி என்று பேசுவதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்வது நலம்.

வாக்கிய முறை நிலவின் வேக மாற்றத்திற்கு ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்கிறது. சூரியனின் ஈர்ப்பினால் நிலவின் பாதையில் ஏற்படும் வேறு மாற்றங்கள் அதில் சேரவில்லை. முன்னோர் தம் கணக்கைக் கிரகணங்களோடு ஒப்பிட்டே சரிபார்த்தனர். கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நிகழும். ஆகவே அவ்விரு நாள்களில் இரு கணக்குகளும் நெருங்கியே வரும். அரை நிலவு தெரியும் அஷ்டமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு மிகுந்து, சில மணி நேரமாகும். சஷ்டி, ஏகாதசி விரதங்களில் சர்ச்சை எழுவதன் காரணமும் இதுவே. வாக்கியக் கணக்கில் ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகையை மிஞ்சாது. உண்மையில் நிலவின் திதி ஏறக்குறைய 50 முதல் 67 நாழிகை வரை மாறுகிறது.

மலேசியக் கடிகாரமும் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கமும்

கடல் கடந்து வாழும் தமிழருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் அச்சாகும் பஞ்சாங்கம் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. மலாக்கா உள்ளடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1905இல் கிரீன்விச்சை விட 7 மணி நேரம் முந்திய பொது நேரம் வந்தது. 1933இல் அது 7 மணி 20 நிமிடமாகவும் 1941இல் 7 மணி 30 நிமிடமாகவும் மாறியது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டு, 1945இல் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் மேலும் அரை மணி முன்தள்ளப்பட்டு, 8 மணி நேர வேறுபாடு நிலைபெற்றது. இந்திய நேரத்துடன் இரண்டு மணி கூட்டிக்கொள்ளப் பழகிய பெரியோர், அன்று முதல் இரண்டரை மணி கூட்ட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் இரண்டரை மணி கூட்டினால் போதும் என்பதும் சரியன்று. திதி, நட்சத்திரம், கிரகணம் ஆகியவை வானில் ஒரே கணத்தில் நிகழ்பவை. அவற்றுக்கு இரண்டரை மணி கூட்டுவது முறை. இராகு காலமோ பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, அந்தந்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. ஆறு மணிக்கு உதயம் என்று கொண்டால் திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. மலாக்காக் கரையில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே நிகழ்கிறது. உதயம் 7.10 என்றால் அதே இராகு காலம் 8.40க்குத் தொடங்கும். இரண்டரை மணி கூட்டிப் பத்து மணி என்று கொள்வோர் தவறான வேளையைத் தவிர்க்கின்றனர்.

திருநாளே ஒரு நாள் தள்ளிப்போவதும் உண்டு. ஒரு திதி இந்திய நேரப்படி விடியற்காலை 5 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சூரியன் உதிக்கும்போது அத்திதி இல்லை. மலேசிய நேரப்படி அது 7.30க்கு முடிவதால், 7.10க்கு உதயமாகும் மலாக்காவில் அத்திதி அன்றைய உதயத்திலும் நிலவுகிறது. உதயத் திதியைக் கொண்டு நாள் குறிக்கும் விரதம் இங்கே வேறு நாளில் வருவதற்கு இதுவே காரணம். இங்குள்ளோர் பிழை செய்தனர் என்று தாயகத்து உறவினர் கருத வேண்டியதில்லை.

கொடிமர நிழலும் கடலலையும்

இவை யாவும் ஏட்டில் மட்டும் உள்ள செய்திகள் அல்ல. நிலத்தில் நட்ட கோலின் நிழலைக் கொண்டு திசையறிந்தே ஸ்தபதிகள் ஆலயங்களுக்குக் கால்கோள் செய்தனர். கோலைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, காலையிலும் மாலையிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். சங்கு ஸ்தாபனம் எனப்படும் இம்முறைக்கு ஒரு கோலும் ஒரு கயிறும் போதும்.

கோலா சுங்கை பாரு நிலநடுக்கோட்டிற்குச் சற்று வடக்கே அமைந்த ஊர். ஆதலால் ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சியில் வரும்: மார்ச் 26, 27 தேதிகளை ஒட்டியும் செப்டம்பர் 17ஐ ஒட்டியும். மார்ச்சில் பிற்பகல் ஒன்றே கால் மணியளவிலும் செப்டம்பரில் அதற்குச் சற்று முன்னரும், திறந்த வெளியில் நிற்கும் கொடிமரத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும்போது இது நிகழாமல் ஒரு மணி நேரத்திற்கு மேல் தாமதமாவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், 1982இன் கதையையும் அதற்கு முந்திய மாற்றங்களையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

இவ்வூரின் பெயரிலுள்ள கோலா என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாள்களில் கடல்நீர் வழக்கத்தினும் உயர்ந்தேறி, வழக்கத்தினும் தாழ்ந்து வடிவதை இக்கரை மீனவர் நன்கறிவர். பஞ்சாங்கத்தில் உள்ள திதியைக் கடலே ஒவ்வொரு திங்களும் இருமுறை வாசித்துக் காட்டுகிறது.

பிள்ளைகளின் கேள்வி

இது சாமி காரியம், கேள்வி கேட்காதே என்று பிள்ளைகளை அடக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. வாக்கியங்களை வகுத்தவர்கள் கேள்வி கேட்டவர்கள். கிரகணத்தோடு தம் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். வைதிகக் குடியில் பிறந்த ரகுநாதாச்சாரிக்கும் தொலைநோக்கியில் பார்ப்பது பக்திக்கு மாறாகத் தோன்றவில்லை. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் 52 நிமிடப் பிழைக்குக் காரணம், கேள்வி அவரிடம் வந்து சேராமல் போனதே.

ஆலயத் திருவிழா நாளில் ஓர் ஐந்து நிமிடம், தமிழ்ப்பள்ளி மாணவர் சிலரைக் கொடிமரத்தடியில் நிறுத்தி நிழலைக் காட்டலாம். இரவில் நிலவின் அருகே எந்த விண்மீன் நிற்கிறது என்று சுட்டிக்காட்டலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. முன்னோர் சோழிகளில் காத்துத் தந்த செல்வம் அடுத்த தலைமுறையின் கைக்கு அவ்வாறே சென்று சேரும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.