பிளந்ததா, சிதைந்ததா?

பைத்தியம் என்று ஒருவரைத் திட்டும்போது அது கல்லீரல் சமாச்சாரம் என்று யாருக்கும் நினைவு வருவதில்லை. பித்தம் மிகுந்து வரும் கோளாறு வடமொழியில் பைத்யம், தமிழில் பைத்தியம். பித்து, பித்தன் எல்லாம் அதன் பங்காளிகள். கிரேக்கர் சற்றே மேலே போனார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்துக்கு அவர்கள் வைத்த 'ஃபிரேன்' என்ற பெயரே மனத்துக்கும் ஆயிற்று.

அதுதான் ஸ்கிசோஃப்ரினியா என்ற நோய்ப்பெயரின் பின்பாதி. முன்பாதிக்குப் பிளத்தல் என்று பொருள். இரண்டையும் ஒட்டியவர் சூரிச் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1908இல். அதற்குமுன் எமில் கிரெப்பலின் பரப்பிய 'டிமென்ஷியா ப்ரிகாக்ஸ்' வழக்கில் இருந்தது: இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு. எல்லோருக்கும் அறிவு தேய்வதில்லை, எல்லோருக்கும் இளமையில் வருவதுமில்லை என்று கண்டார் பிளாய்லர். எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும், எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் நடுவே இழை அறுவதைத்தான் அவர் பிளவு என்றார். உலகமோ, ஓர் உடம்பில் இரண்டு ஆள் என்று புரிந்துகொண்டது. 'அந்நியன்' படத்து அம்பிக்கு இருந்தது இந்த நோயன்று.

இந்த நோயில் ஆளில்லாத அறையில் குரல் கேட்கும். சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்ற நம்பிக்கை எத்தனை சொன்னாலும் அசையாது. பேச்சு கோவையற்றுத் தாவும். இவை ஊருக்குத் தெரிபவை. குளிக்காமல், பேசாமல், எதிலும் நாட்டமின்றி மூலையில் ஒடுங்குவதும் அறிகுறிதான்; அதைத்தான் வீட்டார் சோம்பல் என்று வைவார்கள்.

தமிழில் மனப்பிளவு என்றும் எழுதினார்கள், நிலைத்தது மனச்சிதைவு. இரட்டை ஆள் குழப்பம் இதில் இல்லை, நல்லது. ஆனால் சிதைந்த சிற்பம் என்றால் இனி மீளாது என்றே காதில் விழுகிறது. பிளாய்லர் வெளியே அனுப்பிய கிரெப்பலினை நாம் கொல்லை வழியாக அழைத்து வந்துவிட்டோம்.

1952இல் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்தபிறகு அந்தப் பொருள் இன்னும் பொருந்தாமல் போனது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் பலருக்குக் குரல்களை அடக்குகின்றன. நாள்தோறும் விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஓர் ஊசி உண்டு. வேறு மருந்துக்கு மசியாதபோது, ரத்தப் பரிசோதனைக் காவலோடு குளோசபின். மூலையில் ஒடுங்கியவரை எழுப்ப மட்டும் மாத்திரை போதாது. தொழிற்பயிற்சி வேண்டும், வீட்டாருக்கும் நோயை விளக்கவேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது.

ஜப்பானில் இதற்கு 'மனம் பிளந்த நோய்' என்றே பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் மன்றாடியதில், 2002இல் அது 'ஒருங்கிணைப்புத் தடுமாற்றம்' ஆனது. அந்த ஆண்டு தம் நோயின் பெயர் சொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர். 2004இல் 70 பேர். மருத்துவர்களுக்கே நாக்கு கூசிய பெயர்!

கொரியர்கள் 2011இல் வைத்த பெயருக்கு, நரம்புக் கருவியைச் சுருதி சேர்ப்பது என்று அடிப்பொருள். யாழ், வீணை, பிருடை, சுருதி என்று இத்தனை சொல்லை வைத்துக்கொண்டு நமக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.