மதுரையின் நெகிழிச் சாலைத் தொழில்நுட்பமும் கழிமுகப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடலைச் சேரும் நெகிழிக் கழிவின் பெரும்பகுதி நிலத்தில் தோன்றுவது. அலங்காநல்லூர் உள்ளிட்ட மதுரைச் சமவெளி வைகை வடிநிலத்தைச் சார்ந்தது; வைகையோ இராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. எனவே, கழிமுகப் பாதுகாப்பின் வரலாற்றை உள்நாட்டிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. அந்நோக்கில் மதுரையில் உருவான நெகிழிச் சாலை முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் பரவலும்

மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் இம்முறையை உருவாக்கினார். 2002இல் கல்லூரி வளாகத்தில் சோதனைச் சாலை அமைந்தது. 2006இல் காப்புரிமை கிடைத்தது. ஏறத்தாழ 170 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிய சரளைக்கல்லின் மீது துண்டாக்கிய நெகிழி தூவப்படுகிறது. அது உருகிப் படலமாகப் படிந்த பின்னரே தார் சேர்க்கப்படுகிறது. படலம் கல்லின் நுண்துளைகளை அடைத்து நீர் புகுவதைத் தடுக்கிறது. நெகிழி சிதையும் வெப்பநிலையை எட்டாததால், எரிக்கும்போது எழும் நச்சுப்புகை இங்குத் தவிர்க்கப்படுகிறது. 2013இல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2015இல் நடுவண் அரசு நெடுஞ்சாலைப் பணிகளில் கழிவு நெகிழிப் பயன்பாட்டை வலியுறுத்தியது. 2018இல் வாசுதேவன் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மதிப்பீடு

இம்முறை தரம் பிரித்த கழிவையே வேண்டுகிறது. பாலிவினைல் குளோரைடு இதற்கு ஏற்றதன்று. ஆகவே, சேகரிப்பு தளரும் ஊர்களில் நெகிழி வாய்க்கால்களிலேயே தங்கிவிடும். தேயும் சாலையிலிருந்து நுண்நெகிழி மழைநீரோடு ஆற்றை அடையக்கூடும் என்ற ஐயமும் நீண்டகால அளவீட்டை வேண்டி நிற்கிறது.

முடிவுரை

2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடை, கழிவை அதன் தோற்றுவாயிலேயே குறைக்க முனைந்தது. சாலை முறை அத்தடைக்குத் துணையாகலாம், மாற்றாகாது. அதன் வெற்றியை அமைத்த சாலையின் நீளம் கொண்டன்றி, கழிமுகத்தில் குறைந்த கழிவைக் கொண்டே அளத்தல் பொருந்தும்.