புத்தளக் கரையோரக் கூத்தும் மேடை ஒளியமைப்பும்

மேடை ஒளியமைப்பு என்பது, ஆடுகளத்தின் எப்பகுதி எப்பொழுது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையும், ஒளி எத்திசையிலிருந்து எந்நிறத்தில் விழ வேண்டும் என்பதையும் தீர்மானித்து, பார்வையாளரின் கண்ணைக் கதையின் போக்கோடு நடத்திச் செல்லும் கலையாகும். 1881 இல் லண்டன் சவோய் அரங்கு மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்டு, பின்னர் சுவிற்சர்லாந்தவரான அடோல்ஃப் அப்பியா ஒளியின் அரங்கியற் பயனைக் கோட்பாடாக வகுத்த பிறகே இது தனிக்கலையாகப் பேசப்பட்டது. எனினும் மின்சாரம் எட்டாத கூத்துக் களரிகளிலும், அதாவது ஆடுகளங்களிலும், ஒளி பற்றிய நுண்ணறிவு இருந்தது. அது ஆட்டத்திலும் உடையிலும் திரையிலும் கலந்து கிடந்தமையால் தனிப்பெயர் பெறவில்லை.

மன்னாரிலிருந்து கற்பிட்டி, சிலாபம் வழியாக நீர்கொழும்பு வரை நீளும் இலங்கையின் மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவர் ஊர்களில் தமிழ் நாட்டுக்கூத்து வேரூன்றியிருந்தது. சிங்கள நாடகம மரபு இதிலிருந்தே கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். குழந்தை இயேசுவைத் தேடிச் சென்ற மூவிராசாக்கள் கதையைக் கூறும் பழைய சிங்கள நாடகமான ராஜதுன்கட்டுவவை இயற்றியவர் சிலாபத்து கபிரியேல் பெர்னாண்டோ எனக் கருதப்படுகிறது. வானத்து வெள்ளி ஒன்று வழிகாட்ட நடக்கும் அக்கதையில், பந்த வெளிச்சத்தின் கீழ் அவ்வெள்ளியைப் பாட்டும் கைச்சைகையுமே காட்ட வேண்டியிருந்திருக்கும்.

பந்தம், அதாவது எண்ணெயில் தோய்த்த துணியைத் தடியில் சுற்றி எரிக்கும் விளக்கு, தன்னைச் சூழ்ந்த சிறு வட்டத்தையே துலக்கும். தூரம் இருமடங்கானால் ஒளிச்செறிவு நான்கிலொன்றாகக் குறைந்துவிடும். ஆகவே முகக்குறிப்பு பின்வரிசையை எட்டாது என்பதை ஏற்றுக்கொண்டே கூத்து வளர்ந்தது எனலாம். அகன்ற கையசைவும், களரியைச் சுற்றிவரும் ஆட்டமும், சுடரசைவில் மின்னும் கண்ணாடித் துண்டுகளும் சரிகையும் பதித்த கிரீடமும், பாத்திரம் தன்னை அறிமுகம் செய்யும் வரவுப் பாட்டும் அந்த மங்கலுக்குப் பொருந்தியவை. திரைச்சீலையை இருவர் பிடித்து விலக்கும்போது ராசா திடீரெனத் தோன்றுவது, விளக்கை அணைத்து ஏற்றும் பயனையே தருகிறது.

மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, வெப்பத்தால் ஆவியாக்கி, தோரியம் ஒட்சைட்டு ஏற்றிய வலையில் எரிக்கும் பெற்றோமக்ஸ் வந்தபோது இந்நிலை மாறியது. உயரத்தில் தொங்கிய இவ்விளக்கு களரி முழுவதையும் வெண்மையாகத் துலக்கினாலும், கிரீடத்தின் நிழலைக் கண்களின்மேல் வீழ்த்தியது, சுடரின் ஆட்டமும் மறைந்தது.

இதே கரையோரத்து உடப்பு ஊரின் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பில், மேலிருந்து விழும் இவ்வொளியின் மறுபக்கத்தைக் காணலாம். பாரதக் கதையோடு பிணைந்த அச்சடங்கில் தீக்குழி, நிகழ்வின் மையமாகவும் கீழிருந்து முகங்களைச் சிவப்பிக்கும் ஒளிமூலமாகவும் ஒருங்கே அமைகிறது. எந்த மின்விளக்கும் அதனோடு போட்டியிடாதிருப்பதே அங்கு நல்ல ஒளியமைப்பாகும்.

பின்னர் இம்மரபுகள் களரியை விட்டு நவீன மேடைக்கும் வந்தன. 1956 இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர நாடகம மரபைக் கொண்டு மனமே நாடகத்தை மேடையேற்றினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) ஆகியவற்றைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது பார்வையாளர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்தார். அத்தகைய மேடையில், 1932 இல் அமெரிக்கரான ஸ்ரான்லி மக்கன்ட்லெஸ் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு பகுதிக்கும் இரு முன்பக்கங்களிலிருந்து ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இளஞ்சூட்டு நிறமும் குளிர்நிறமும் பாய்ச்சி முகத்திற்குத் திரட்சி தரலாம். சுற்றிலும் மக்கள் அமரும் களரியிலோ ஒருவருக்கு முன்னொளியாக அமைவது எதிரிலிருப்பவருக்குப் பின்னொளியாகிக் கண்ணைக் கூசச் செய்யும். எனவே விளக்குகளை நாற்புறமும் உயரத்தில், செங்குத்துக்கு நெருங்கிய சாய்வில் கீழ்நோக்கிக் கட்டுவது தகும். கூத்தைப் பயிற்றி நடத்தும் அண்ணாவியாரையும் பிற்பாட்டுக்காரரையும் இருளில் தள்ளி ஒரே நடிகர்மேல் ஸ்பொட் லைட் பாய்ச்சுவது கூத்துக்கு ஊறு செய்யும். ஆட்டமும் மத்தளமும் ஒன்றையொன்று பார்த்தே நடப்பவை.

கரையோரத் திறந்தவெளி மேடைக்குத் தென்மேல் பருவக்காற்று மற்றொரு சோதனையாகும். மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டிப் பக்கம் வீசும் கடுங்காற்று விளக்குத் தாங்கிகளைச் சாய்க்கவும் வண்ணத்தாள்களைக் கிழிக்கவும் வல்லது. உப்பீரம் செப்பு இணைப்புகளை அரிக்கும். அதனால் தாங்கிகளின் அடியில் மணல் மூட்டைகள் வைத்து, மின்னிணைப்புகளை நிலத்தினின்று உயர்த்தி மூடி, நிகழ்ச்சி முடிந்ததும் விளக்குகளை உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும்.