யாழ்ப்பாணமும் சீனாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் சீனாவுக்கும் இடையிலான தொடர்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. கடல்வணிகத்தில் தொடங்கிய இத்தொடர்பு, இருபதாம் நூற்றாண்டில் அரசியல் கொள்கை வழியாகவும் போர்க்காலத்தில் ஆயுதங்கள் வழியாகவும் வந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் வீதி, வீடு, மின்சாரம், கடலட்டை என்று பரந்தது. நவீன காலத்தில் அது பெரும்பாலும் கொழும்பு அரசின் ஊடாகவே குடாநாட்டை எட்டியது; அயலிலுள்ள இந்தியாவும் அதைக் கவனித்து வந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தார் சீனாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொழும்பையும் டில்லியையும் சேர்த்தே பேசி வந்திருக்கின்றனர்.

மிகப் பழைய சான்று வேலணைத் தீவிலுள்ள அல்லைப்பிட்டியில் கிடைத்தது. 1977இல் அங்கு மண்ணிலிருந்து வெளிப்பட்ட சீன மட்பாண்டங்களைத் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் ஆராய்ந்தார். 2018இல் ஷங்காய் அருங்காட்சியகமும் இலங்கை மத்திய கலாசார நிதியமும் அதே இடத்தில் கூட்டாக அகழ்ந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்ட சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த சொங் வம்சக் காலத்தவை. அக்காலத்தை அடுத்து முதலாம் பராக்கிரமபாகு பொறித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, அல்லைப்பிட்டி இருக்கும் அதே தீவின் ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உரியவருக்கு. மற்றைய சரக்குக் கப்பலாயின் பாதிக்குப் பாதி என்று பங்கும் வகுக்கிறது. சீனப் பாண்டம் புதைந்து கிடந்த கரை எத்தகைய துறைமுகப் பரப்பில் இருந்தது என்பதை இக்கல்வெட்டு காட்டுகிறது.

1409ஆம் ஆண்டுக்குரிய காலிக் கல்வெட்டு இலங்கைத் தீவின் தெற்கே கிடைத்ததாயினும் இவ்வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த அக்கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் காணிக்கைகளைப் பதிவு செய்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் உரியவை. 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இலங்கைக் கடலில் தமிழ் வணிக மொழியாக விளங்கியதைச் சீனப் பேரரசு அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2021இல் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சீனா வழங்கிய நூலகத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பின்னரே அது திருத்தப்பட்டது. அப்போது இக்கல் பலருக்கு நினைவுக்கு வந்தது இயல்பே.

சுதந்திர இலங்கை 1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தது. 1957இல் தூதரக உறவு ஏற்பட்டது. எனினும் குடாநாட்டில் சீனாவின் பெயர் பரவியதற்குக் காரணம் அரிசி அன்று, கட்சி. உலகக் கம்யூனிச இயக்கம் மொஸ்கோ, பீக்கிங் என்று பிரிந்தபோது இலங்கைக் கட்சியும் பிளந்தது. யாழ்ப்பாணத்தவரான நா. சண்முகதாசன் பீக்கிங் பிரிவின் தலைவரானார். அப்பிரிவு குடாநாட்டில் கையில் எடுத்த பிரச்சினை சாதி. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். தொடர்ந்து தேநீர்க்கடைகளில் சமமாக அமரும் உரிமைக்கும், ஆலயங்களுள் நுழையும் உரிமைக்கும் போராட்டங்கள் நிகழ்ந்தன. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அவற்றை நடத்தியது. எழுத்தாளர் கே. டானியல் அதன் முன்னணியில் நின்றவர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் நாடெங்கும் அறியப்பட்டது. சங்கானைப் பகுதியின் நிச்சாமம் முதலிய ஊர்களில் மோதல்கள் மூண்டு உயிர்களும் போயின. சங்கானையை ஷங்காய் ஆக்குகிறார்கள் என்ற பேச்சு அக்காலத்தில் அடிபட்டது. எதிரிகள் பழியாகச் சொன்னதை ஒடுக்கப்பட்ட மக்களிற் பலர் பெருமையாகவே எடுத்துக்கொண்டனர். பீக்கிங்கை ஒருநாளும் கண்டிராத மக்கள் அப்பெயரில் தேடியது தம் ஊர்க் கிணற்றிலும் கோயிலிலும் கிடைக்காத சமத்துவத்தையே.

1971 ஏப்ரலில் தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி கிளர்ந்தபோது சீன அரசு அக்கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை. சீனப் பிரதமர் சூ என்லாய் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார். வட்டியில்லாக் கடனும் வழங்கப்பட்டது. அதே வேளையில் பீக்கிங்கைப் பின்பற்றிய சண்முகதாசன் கொழும்பு அரசினால் சிறையில் அடைக்கப்பட்டார். அயல்நாட்டுக் கிளர்ச்சியாளரைவிட ஆட்சியில் உள்ள அரசையே நாடும் சீன அணுகுமுறை அன்று வெளிப்பட்டது. பின்னர் வடக்கின் விடயத்திலும் அது மாறவில்லை.

உள்நாட்டுப் போரில் சீனா இலங்கை அரசின் முக்கிய ஆயுத வழங்குநர்களுள் ஒன்றாயிற்று. வை-8, வை-12 போக்குவரத்து விமானங்களும் எஃப்-7 போர்விமானங்களும் ரி-56 துப்பாக்கிகளும் அங்கிருந்து வந்தன. மெதுவாக வட்டமிட்டுக் குண்டு தள்ளிய போக்குவரத்து விமானங்களைக் குடாநாட்டு மக்கள் ‘சகடை’ என்றனர். பதுங்குகுழியில் இருந்தபடி அவ்விரைச்சலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு சீனா பற்றிய முதல் அறிமுகம் அதுவே. 2009இல் இறுதிப் போர் நடந்தபோது, அதை உள்நாட்டு விவகாரம் எனக் கருதிய சீனா, ஐ.நா. பாதுகாப்புச் சபை அதனை முறைப்படி நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதை எதிர்த்தது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2012, 2014, 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் இலங்கை தொடர்பான தீர்மானங்களுக்கு எதிராகவும் வாக்களித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஜெனீவாவை நம்பிக் காத்திருந்த ஆண்டுகள் அவை. வடக்கில் சீனா மீதுள்ள மனக்குறையின் வேர் இங்கேதான் உள்ளது. சீனாவின் நிலைப்பாட்டை இறைமைக் கொள்கை என்று விளக்கலாம். பிள்ளையைத் தேடும் தாய்க்கு அவ்விளக்கம் ஆறுதலாகாது.

போருக்குப் பின் ஏ-9 வீதியின் வடபகுதி சீனக் கடனில் சீர்செய்யப்பட்டது. 2018இல் வடக்கில் 40,000 வீடுகள் கட்டும் ஒப்பந்தம், 300 மில்லியன் டொலருக்கும் அதிகமான மதிப்பில் சீன நிறுவனமொன்றுக்குக் கிடைத்தது. அந்நிறுவனம் திட்டமிட்ட கொங்கிரீட் வீட்டுக்குப் பதிலாகச் செங்கல் வீடே வேண்டும் என்று மக்கள் கேட்டனர். எதிர்ப்பின் பின்னர் அவ்வாண்டு ஒக்டோபரில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டு, 28,000 வீடுகளை இந்தியத் தொடர்புள்ள நிறுவனங்களிடம் ஒப்படைத்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரிய மின்சாரம் அமைக்கும் திட்டமே உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் கோரப்பட்ட கேள்விப்பத்திரத்தில் சீனக் கூட்டு நிறுவனமொன்று தெரிவாகி, 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதி பெற்றது. இத்தீவுகள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில் இருப்பவை. இந்தியா ஆட்சேபித்து, அதே வேலையை நன்கொடையாகச் செய்து தர முன்வந்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாத நடுவில் தூதுவர் சி சென்ஹொங் வேட்டி உடுத்து, மேலாடையின்றி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டார்; யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பருத்தித்துறைக்கும் மன்னார்க் கடலுக்கும் சென்றார். ஊர்வழக்கை மதித்தார் என்று சிலர் மகிழ்ந்தனர். இந்தியாவுக்கு விடுத்த செய்தி என்று பலர் வாசித்தனர்.

கடற்றொழிலாளரின் கருத்து இவற்றைவிடச் சிக்கலானது. கடலட்டையை உள்ளூரார் உண்பதில்லை; அவித்து உலர்த்திச் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புகின்றனர். அரியாலையில் சீனப் பங்குடன் குஞ்சு உற்பத்தி நிலையமொன்று இயங்கியது. 2021இல் பூநகரிப் பகுதியின் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புடைய கடலட்டைப் பண்ணை அமைந்தபோது எதிர்ப்பு வெடித்தது. ஆழமற்ற பரவைக்கடலில் வேலியடைத்தால் இறாலின் வழி மறிக்கப்படும், வலை இழுக்க இடம் இராது, ஆண்டாண்டாகப் பொதுவாயிருந்த கடல் தனியாருக்குப் போய்விடும் என்பன தொழிலாளர் சொன்ன காரணங்கள். 2022இல் அரசு 5,000 ஏக்கர் பரப்பிலான கடலட்டைத் திட்டத்துக்கு அனுமதி அளித்தபின் அச்சம் மேலும் கூடியது. பண்ணை வைத்து வருமானம் கண்ட உள்ளூரவர்களும் உளர்; அவர்கள் கேட்பது தடையை அன்று, தமக்கான அனுமதிப்பத்திரத்தை. இதே மக்கள் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலைகளை இழப்பவர்கள். எனவே சீனாவா இந்தியாவா என்று தலைநகரங்களில் கேட்கப்படும் கேள்வி, கரையில் கடல் யாருடையது என்ற கேள்வியாகிறது.

மூன்று தீவுகளின் மின்திட்டத்துக்கான உடன்பாடு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் கையெழுத்தானது. கட்டுமான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இழுபறி நீடித்த அவ்வாண்டுகள் முழுவதும் தீவுகளுக்கு மின்சாரம் தந்தவை டீசல் இயந்திரங்களே.