கோட்டிற்குத் தெற்கே

கரீபியக் கடலில் பிரித்தானியரிடம் எஞ்சியுள்ள மொன்செராட் தீவின் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். 1995 ஜூலையில் சூஃப்ரியர் எரிமலை விழித்தபின், தென்பகுதிக்குள் எவரும் நுழையலாகாதென அரசு வரைபடத்தில் கோடிட்டது. இடம்பெயர்ந்தோர் வடக்கே பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் ஒண்டினர். அங்கு விளைநிலம் குறைவு. நல்ல மண்ணோ எரிமலைச் சரிவில் கிடந்தது. (அதை அளித்ததும் எரிமலைதானே!) பயிரைப் பார்க்கச் சிலர் கோட்டைத் தாண்டினர். 1997 ஜூன் 25 அன்று, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பாறையுமாகச் சரிந்த பெருக்கு 19 பேரைக் கொன்றது. அவர்களைத் தடையை மீறியவர்கள் என்று மட்டும் எழுதிவிட எனக்கு ஒப்பவில்லை.

தலைநகர் பிளிமத் புதைந்தது, விமானத்தளமும் அழிந்தது. புதியது 2005இல்தான் வடக்கே திறக்கப்பட்டது. பிளிமத்துக்குள் இன்றும் அனுமதியின்றிச் செல்லலாகாது. உடன்வரும் வழிகாட்டி வானொலிக் கருவியோடு வருவார், எரிமலை ஆய்வகம் எச்சரித்தால் உடனே திரும்புவதற்காக.