ஓவியம் எழுதுவிப்போர் நெறி: நூற்பாவும் உரையும்

சுவரின் அளவும் கதையின் பொருளும்
முன்னர் உரைத்து முதற்பொருள் நல்கி
ஓவியன் கைவழி உளம்செல விடுத்து
விழிதிறந்த பின்றை விலைமுழு திறுத்தல்
ஓவியம் பெறுவோர் ஒழுகும் நெறியே.

இஃது என் நுதலிற்றோ எனின், ஓவியம் எழுதுவிப்போர்க்குரிய ஒழுக்கம் உணர்த்துதல் நுதலிற்று. இதற்கு இலக்கியம், கண்டி நகர்ப்புறத்தே மகாவலி கங்கைக்கு அப்பால் வேந்தன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (ஆட்சி 1747–1782) எழுதுவித்த தெகல்தொருவக் குகைவிகாரை.

சுவரின் அளவும் கதையின் பொருளும் – எழுதப்படும் பரப்பின் எல்லையும், அதன்கண் எழுதற்குரிய பொருளும். சுவர் என்றது உபலக்கணம். துணியும் தாளும் பலகையும் கொள்க. அளவை முற்கூறியது என்னை? பரப்பே கதையின் நடையை வகுத்தலின். அவ்விகாரையில் புத்தரின் முற்பிறப்புக் கதையாகிய வெஸ்ஸந்தர சாதகம் நீண்ட பட்டைகளில் இடையறாது ஓடுதலும், புத்தரை எதிர்த்த மாரனது போர் பாறைவிதானத்தில் விரிதலும் காண்க. உம்மைகள் எண்ணின்கண் வந்தன. ஒன்றுரைத்து ஒன்றொழித்தல் ஆகாது என்பதாம்.

முன்னர் உரைத்து – தூரிகை தொடுமுன் சொல்லி. முன்னர் என்றதனால், எழுதுங்கால் இடைப்புகுந்து உரைத்தல் விலக்கப்பட்டது.

முதற்பொருள் நல்கி – தொழில் தொடங்குதற்கு வேண்டும் பொருளை முற்கொடுத்து. வெண்களியும் சாதிலிங்கமும் விளாம்பிசினும் சுவரில் ஏறுமுன்னே தேடப்படுவன ஆகலின். அகத்திணைக்கு முதற்பொருளாவன நிலமும் பொழுதும் அன்றோ எனின், அவையும் ஈண்டுக் குறிப்பாற் கொள்ளப்படும். கண்டி நாட்டில் நீலகம முதலிய ஊர்களின் சித்திரகாரர் தம் தொழிற்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர்; பொழுதோ, எக்காலத்து ஓவியனும் வேண்டுவது.

ஓவியன் கைவழி உளம்செல விடுத்து – தன் உள்ளத்தை அவன் கை செல்லும் வழியே செலவிட்டு. தன் உள்ளத்தின்வழி அவன் கையைச் செலுத்தற்க என்பது குறிப்பு. அவ்விகாரையில் எழுதிய தேவரகம்பொல சில்வத்தன்ன உன்னான்சே, நீலகம பட்டபெந்தா, கொஸ்வத்தை ஹித்தர நயிதே முதலியோர் தொல்கதை மாந்தர்க்குத் தம் காலத்துக் கண்டி உடையையே உடுத்தியமை இதற்குச் சான்று.

விழிதிறந்த பின்றை – கண் எழுதி முடித்த பின்னர். புத்தர் திருவுருவுக்குக் கண் ஈற்றில், நல்லோரையில், நேர்நோக்காது கண்ணாடியில் நோக்கி எழுதப்படும். இதனை நேத்திர மங்கலம் என்ப. ஏனை ஓவியத்திற்கு முற்றுப்பெற்ற நிலை எனக் கொள்க.

விலைமுழுது இறுத்தல் – எஞ்சிய விலையைக் குறைவறச் செலுத்துதல். கொடுத்தல் என்னாது இறுத்தல் என்றார், அது கொடையன்று கடன் என்பது தோன்ற.

ஓவியம் பெறுவோர் ஒழுகும் நெறியே – ஏகாரம் தேற்றம். வேந்தர் எனவும் ஏனையோர் எனவும் பிரியாது பெறுவோர் எனப் பொதுப்படக் கூறினமையின், அரசர்க்கும் இதுவே நெறி.

இனி, உரைத்தல் வாயின் தொழில். நல்கலும் இறுத்தலும் கையின் தொழில். விடுத்தல் மனத்தின் தொழில். கைக்கு இருமுறை பணிகூறிய இந்நூற்பா, வாய்க்கு ஒருமுறையே கூறிற்று. அதனை அறிந்தோன் எழுதுவிக்கத் தக்கான் என உணர்க.