உள்ளிழுப்பு இன்சுலின்

உள்ளிழுப்பு இன்சுலின் என்பது ஊசிக்கு மாற்றாக, தூள் வடிவில் வாய்வழியே மூச்சுடன் உள்ளிழுக்கப்படும் இன்சுலின் மருந்து ஆகும். இது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. உணவு வேளையில் போடப்படும் ஊசிக்கு மட்டுமே இது மாற்றாகும்.

பின்னணி

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதம். இதனை விழுங்கினால் செரிமான நொதிகள் சிதைத்துவிடும். எனவே, 1922 ஆம் ஆண்டு கனடாவின் தொராண்டோ நகரில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்ட காலம் தொட்டு ஊசியே முதன்மையான வழியாக இருந்து வருகிறது. நுரையீரலின் உட்பரப்பு மெல்லியதும் மிகப் பரந்ததும் ஆகையால், அதன்வழி இன்சுலினைச் செலுத்தும் முயற்சிகள் 1920களிலேயே செருமனியில் தொடங்கின.

எக்சுபெரா

பைசர் நிறுவனத்தின் எக்சுபெரா, சனவரி 2006 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒப்புதல் பெற்றது. விற்பனை குறைவாக இருந்ததால் அக்டோபர் 2007 இல் இதனைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. இதனால் ஏற்பட்ட இழப்பு 280 கோடி டாலர். இத்தோல்விக்குப் பின்வருவன காரணங்களாகக் கூறப்படுகின்றன:

* கருவி மூடிய நிலையிலேயே மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் அளவில் இருந்தது.
* 1 மில்லிகிராம் பொதி ஏறத்தாழ 3 அலகுக்கும், 3 மில்லிகிராம் பொதி 8 அலகுக்கும் ஈடாக இருந்தன. ஆகவே மூன்று சிறு பொதிகளை ஒரு பெரிய பொதிக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் அளவு கூடிவிடும்.
* ஊசி இன்சுலினைவிட விலை கூடுதல்.

ஏப்ரல் 2008 இல், மருத்துவ ஆய்வுகளில் எக்சுபெரா பயன்படுத்தியோரில் 6 பேருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அறுவரும் முன்பு புகைபிடித்தவர்கள். எண்ணிக்கை மிகக் குறைவாதலால் மருந்தே காரணம் என்று நிறுவப்படவில்லை.

அஃப்ரெசா

மான்கைண்ட் நிறுவனத்தின் அஃப்ரெசா சூன் 2014 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதன் கருவி உள்ளங்கையில் அடங்குவது. மருந்து 4, 8, 12 அலகுக் குப்பிகளில் வருகிறது. உணவின் தொடக்கத்தில் இது உள்ளிழுக்கப்படுகிறது. 4 அலகின் விளைவு ஏறத்தாழ 90 நிமிடங்களில் அடங்கிவிடும். இந்தியாவில் வயது வந்தோருக்கு இதனை விற்க சிப்லா நிறுவனத்துக்கு திசம்பர் 2024 இல் ஒப்புதல் கிடைத்தது.

கட்டுப்பாடுகள்

ஆசுத்துமா போன்ற நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்து திடீர் மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தை உண்டாக்கலாம். ஆகையால் அவர்கள் இதனைப் பயன்படுத்தக் கூடாது. புகைபிடிப்போருக்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை. சிகிச்சைக்கு முன்னும், ஆறு மாதங்களுக்குப் பின்னும், அதன்பின் ஆண்டுதோறும் நுரையீரல் செயற்பாட்டுச் சோதனை தேவை. இருமல், குறை இரத்தச் சர்க்கரை ஆகியன பொதுவான பக்க விளைவுகள்.

முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நாள் முழுதும் செயற்படும் இன்சுலினைத் தோலுக்கடியில் தொடர்ந்து செலுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே உள்ளிழுப்பு இன்சுலின் அவர்களுடைய ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறதே தவிர, முற்றிலும் நீக்குவதில்லை.